ஸ்டேடியத்தில் அப்பாவின் கம்பெனி

ஸ்டேடியத்தின் கூரையிலிருந்து அதன் பெயரின் பெரிய எழுத்துகளை கிரேன் ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தது. தகரம் கான்கிரீட்டில் உரசும் ஓசை கேட்டு, காரை ஓரமாக நிறுத்தினேன்.

அந்த எழுத்துகள் தொண்ணூறுகளில் அங்கே ஏறிய வாரமே அப்பா எங்களை ரக்பி பார்க்கக் கூட்டிப்போனார். மலேசியாவின் ஈப்போவிலிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்த அவருக்கு முதல் நிரந்தர வேலை கொடுத்த கம்பெனி அது. அதை வாங்கிய அமெரிக்க முதலாளிகள் பணம் கொடுத்து ஸ்டேடியத்துக்கும் கம்பெனியின் பெயரையே சூட்டியிருந்தார்கள். நாற்காலிகள் மழையில் நனைந்திருந்தன. சுற்றிலும் சிப்ஸில் தெளித்த வினிகர் வாசனை. அப்பா வழக்கம்போல் பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றினார்.

"அமெரிக்காவுல முன்ன சண்டையில செத்த சிப்பாய்ங்க நினைவா ஸ்டேடியத்துக்குப் பேரு வெப்பாங்க. இப்ப பீர் கம்பெனி, பிளேன் கம்பெனி. இங்க நம்ம கம்பெனி லா."

"உங்க பேரையா வெச்சாங்க?" என்றார் அம்மா. அப்பா சிரித்தார்.

அந்தக் குளிர்காலம் முடிவதற்குள், செலவைக் குறைக்க வேண்டும் என்று அவருடைய பிரிவையே மூடிவிட்டார்கள். பிறகு கிளென்ஃபீல்டில் ஒரு மாலில் தரை துடைத்தார். நிரந்தர வேலை எதுவும் அமையவில்லை. டிவியில் ரக்பி ஓடும்போது வர்ணனையாளர் ஸ்டேடியத்தின் பெயரைச் சொல்லத் தொடங்கினாலே ஒலியைக் குறைத்துவிடுவார்.

காரிலிருந்தே அவருக்குப் போன் செய்தேன்.

"உங்க கம்பெனி பேர எறக்குறாங்கப்பா."

"அடுத்து யாரு பேரு?"

"ஏதோ ஒரு பேங்க்."



"அந்த பேங்க்ல வேலை செய்யிறவங்க யாரையாச்சும் ஒனக்குத் தெரியுமா? இப்பவே வேற எடம் பாக்கச் சொல்லு."