நாற்பத்தோராம் இலக்க மான்

நான் மச்ச மாமிசம் சாப்பிடுவதில்லை. அப்படியிருந்தும் ஒரு நவம்பர் மாதம் முழுவதும் மான் வெட்டும் கடையில் வேலை பார்த்தேன். நாங்கள் ஸ்ரௌவ்வில்லில் வீடு வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில், நான் வேலை செய்த அலுவலகத்தை மூடிவிட்டார்கள். வீட்டிலிருந்து காரில் பதினைந்து நிமிடம் வடக்கே போனால் ஒரு கடை. வேட்டைக்காரர்கள் சுட்ட மானைக் கொண்டுவந்து கொடுத்து, இறைச்சியாக வெட்டி வாங்கிப் போவார்கள். வேட்டைக் காலத்துக்கு மட்டும் முன்மேசைக்கு ஆள் தேவையென்று விளம்பரம் போட்டிருந்தார்கள்.

"நீர் உந்த வெட்டுறதையெல்லாம் பாத்துக்கொண்டு நிப்பீரோ?" என்று என் கணவர் கேட்டார்.

"வெட்டுறது நான் இல்லை. எழுதுறதுதான் என்ரை வேலை," என்றேன்.

வாகனம் வந்து நிற்கும். மானை இறக்கிக் கொட்டகையில் கிடத்துவார்கள். நான் காலில் இலக்கத் துண்டைக் கட்டிவிட்டு, எங்கே சுட்டது, எப்படி வெட்ட வேண்டும் என்று படிவத்தில் எழுதுவேன். முதல் இரண்டு நாளும் மானின் முகத்தைப் பார்க்காமல் கட்டினேன். மூன்றாம் நாள் நான் எழுதிக்கொண்டிருந்த தாளில் எள்ளளவில் ஏதோ நடந்துபோனது. எட்டுக் கால். முதுகின் முன்பாதி கறுப்பு, பின்பாதி செங்கல் நிறம். உண்ணி. செலோரேப்பை வெட்டி அதன் மேல் ஒட்டினேன்.

அதன் பிறகுதான் மானின் முகத்தைப் பார்த்தேன். காதுக்குள் பத்துப் பதினைந்து இருந்தன. சில கடித்தபடி தொங்கின, சில இறங்கிப் போய்க்கொண்டிருந்தன. "உடம்பு குளிர்ந்தால் இறங்கிவிடும்," என்றார் அந்த வழியால் போன முதலாளி. எழுபதைத் தாண்டிய வெள்ளைக்காரர், அதிகம் பேசாதவர். எனக்கு அன்று முழுவதும் அதே யோசனை. இனி இங்கே இரத்தம் இல்லையென்று இந்தச் சின்னப் பூச்சிக்கு எப்படித் தெரிகிறது?

அடுத்த கிழமை ஒரு இளம்பெண் வந்தாள். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்பவள். மான்களின் காதுகளும் கொஞ்சம் இரத்தமும் எடுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டு நின்றாள். அந்த நேரம் நான் கணவரோடு போனில் கதைத்துக்கொண்டிருந்தேன். போனை வைத்ததும், "அன்ரி, நீங்கள் தமிழா? இந்தப் பிளேஸிலையா?" என்றாள்.

"ஓம். நீரும் இந்த வேலைக்கோ?" என்றேன். செலோரேப்பில் ஒட்டிய உண்ணியைக் காட்டினேன். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"கருங்கால் உண்ணி, ஃபீமேல். அன்ரி, இதுக்குள்ள ஒரு பரசைட், ஒட்டுண்ணிக் கிருமி, இருக்கக்கூடும். பேபீசியா எண்டு சொல்லுறது. உண்ணி கடிக்கேக்க மானின்ர பிளட்டுக்குள்ள போய், ரெட் செல், அந்தச் செங்குழியத்துக்குள்ள இருந்து பெருகும்."

"அப்ப மான் சாகாதோ?"

"இந்த மானுக்கு மோஸ்ட்லி ஒண்டும் செய்யாது. ஸூவில அடைச்சு வச்சிருக்கிற கரிபூ மானுக்கு வந்தால்தான் செத்துப்போகும். ஏன் அப்பிடி எண்டு ஃபுல்லா தெரியாது."

"மனிசருக்கு?"

"அதைத்தான் இப்ப பாக்கினம்."

முதலாளி சம்மதித்தார். அன்றிலிருந்து அவள் காதை வெட்டும்போது பிடித்துக் கொடுப்பது நானாகிவிட்டேன். கையுறை போட்டு, உண்ணி ஏறாதபடி காற்சட்டைக் காலைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு நின்றேன். கணவர் வந்து பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

நாற்பத்தோராம் இலக்க மானைக் கொண்டுவந்தவர் பிக்கரிங்குக்கு வடக்கே இருப்பவர். அறுபது வயதிருக்கும், பெரிய ஆள். மானும் பெரியது, தடித்த கழுத்து, நல்ல கொழுப்பு. காதை ஏன் வெட்டுகிறீர்கள் என்று என்னிடம் கேட்டார். நேற்றுப் படித்ததை இன்று சொல்லிக் கொடுக்கத் துடிக்கும் ஆளாக நான் இருந்தேன். இந்த உண்ணிகள் மானின் இரத்தத்தில் வாழும் ஒட்டுண்ணியைக் கொண்டுவருகின்றன என்றேன்.

"அப்படியானால் என் மான் நோயுள்ளதா?"

"இருக்கலாம்," என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. அவர் முகம் மாறிவிட்டது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இந்த இறைச்சி எனக்கு வேண்டாம், எறிந்துவிடுங்கள் என்றார். முதலாளி வந்தார். குரலை உயர்த்தவில்லை. "உன்னை எழுதத்தான் வேலைக்கு எடுத்தேன்," என்றார் என்னிடம். அந்தப் பெண்ணைத் தயவுசெய்து போகச் சொன்னார்.

மச்சம் தொடாத நான், ஒரு மான் வீணாகப் போவதற்காக இப்படிக் கலங்குவேன் என்று நினைத்ததில்லை. சுட்டது அவர். அதைக் குப்பைக்கு அனுப்பப் போவது என் வாய். வாகனம் நிற்கும் இடத்துக்கு ஓடிப்போய், "எனக்குத் தெரிந்ததற்கு மேலாகக் கதைத்துவிட்டேன். தெரிந்தவள் அங்கே நிற்கிறாள், அவளிடம் கேளுங்கள்," என்றேன்.

அவள் பெட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அவரிடம் பொறுமையாகச் சொன்னாள். இந்த உண்ணி உள்ள இடங்களில் எத்தனையோ மான்களுக்கு இது இருக்கலாம். சமைத்த இறைச்சியால் யாருக்கும் இது தொற்றியதாகத் தான் அறியவில்லை. வெட்டும்போது கையுறை போடுவதும் நன்றாகச் சமைப்பதும் எப்போதும் நல்லது. தெரியாததைத் தெரியாது என்றும் சொன்னாள். அதுதான் அவருக்குப் பிடித்திருக்க வேண்டும்.

"இதைத் தேடி உனக்கு என்ன கிடைக்கப் போகிறது?" என்று கேட்டார்.

"இந்தப் பக்கத்து மான்களை இன்னும் யாரும் சரியாகப் பார்க்கவில்லை," என்றாள்.

அவர் அவளுடைய பெட்டி ஒன்றைக் காரிலிருந்து திரும்ப இறக்கினார். பிறகு, "சரி, காதை எடு. என்ன கண்டாய் என்று எனக்கு எழுது," என்றார். இறைச்சியையும் வெட்டி வாங்கிப் போனார். இதைப் பார்த்த முதலாளி இறங்கிவந்து ஒரு நிபந்தனை வைத்தார். அவள் காலையில் கடை திறக்க முன் வந்து போகலாம், ஆனால் நான் வேட்டைக்காரர்களிடம் வாய் திறக்கக்கூடாது.

ஜனவரியில் அவள் என்னை ஆய்வுகூடத்துக்குக் கூப்பிட்டாள். கண்ணாடித் துண்டில் பூசிச் சாயமிட்ட இரத்தத்தை நுணுக்குக்காட்டியில் வைத்தாள். பார்த்ததும் பயந்துபோனேன். வட்டமாக இருக்க வேண்டிய குழியங்கள் எல்லாம் பிறை பிறையாக வளைந்து கிடந்தன.

"ஐயோ பிள்ளை, இது சரியான நோய் வருத்தம்போல கிடக்கே."

அவள் சிரித்தாள். "இல்லை அன்ரி, அது நோர்மல். மானின்ர இரத்தம் வெளியில எடுத்துக் காத்துப் பட்டால் அப்பிடித்தான் வளையும். வருத்தத்தைத் தேடத்தான் வேணும்."

கண்ணாடியை மெல்ல நகர்த்தினாள். நிறையக் குழியங்கள் போன பிறகு நிறுத்தினாள். ஒரு குழியத்தின் விளிம்பை ஒட்டி, ஊதா நிறத்தில் இரண்டு சின்னப் புள்ளிகள். அவ்வளவுதான். அவள் சொல்லாவிட்டால் தூசி என்று விட்டிருப்பேன்.

"எந்த மான்?" என்று கேட்டேன்.

"நாப்பத்தொண்டு."

எனக்கு அந்தத் தடித்த கழுத்தும் கொழுப்பும் நினைவுக்கு வந்தன. அன்று வந்த மான்களிலேயே அதுதான் நல்ல மான்.

பெப்ரவரியில் முதலாளி எனக்குப் போன் எடுத்தார். நாற்பத்தோராம் மானைக் கொண்டுவந்த மனிதருக்கு அந்தப் பெண்ணின் கடிதம் போயிருக்கிறது, கடைக்கு வந்து கேள்வி கேட்கிறார், நீயே வந்து பதில் சொல் என்றார். போனேன். ஒரு தாளில் வளைந்த குழியத்தையும் விளிம்பில் இரண்டு புள்ளியையும் பேனாவால் கீறிக் காட்டினேன். இருவரும் தலையைக் குனிந்து பார்த்தார்கள். எத்தனை மான்களில் கண்டீர்கள், இது எவ்வளவு காலம் உடம்பில் இருக்கும் என்று, என்னை வாயை மூடச் சொன்ன முதலாளிதான் அதிகம் கேட்டார். பாதியை அவளிடம் கேட்கவென்று அந்தத் தாளிலேயே குறித்துக்கொண்டேன்.

"நான் சுடும்போது அது ஒரு வேலியைப் பாய்ந்து வந்தது. நோயுள்ள மான் அப்படிப் பாயுமா?" என்றார் அந்த மனிதர்.

"எனக்கும் அதுதான் விளங்கவில்லை," என்றேன். முதலாளி உள்ளே போய் மூன்று பேருக்கும் கோப்பி ஊற்றிக்கொண்டு வந்தார்.