சுவிட்சை அணைக்காதீங்க என்ற குரல்

அவரை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மெயின் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் பழுது பார்ப்பது அவருடைய தொழில். எந்தக் கட்டிடத்துக்குப் போனாலும், தோளில் இருக்கும் பையை இறக்குவதற்கு முன்பே அவர் கேட்கிற முதல் கேள்வி, "மெயினை ஆஃப் பண்ணியாச்சா?" என்பதுதான். பல் பிடுங்கப் போன இடத்திலும் வாயைத் திறப்பதற்கு முன்னால் டாக்டரிடம் அதைக் கேட்டார் என்று கூட வேலை செய்கிறவர்கள் கதை கட்டி விட்டிருந்தார்கள். அவர் மறுக்கவில்லை. முப்பத்தொரு வருடத்துக்குப் பிறகும் கையில் பத்து விரலும் இருப்பதற்கு அந்தக் கேள்விதான் காரணம் என்று அவருக்குத் தெரியும்.

அவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. இரண்டு மாடிக்கு நடுவில் லிஃப்ட் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் சுவரில் ஒட்டியிருக்கும் எண்ணுக்குப் போன் செய்வார்கள். அந்தப் போன் பெரும்பாலும் இவரிடம்தான் வரும். "பதறாதீங்க. நான் லைன்லயே இருக்கேன். எதையும் தொடாதீங்க. நான் சொல்றதை மட்டும் செய்யுங்க." இந்த நான்கு வாக்கியங்களை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பாரோ! சொன்னதைக் கேட்டவர்கள் எல்லோரும் முழுசாக வெளியே வந்தார்கள். கேட்காமல் கதவைப் பிளக்கப் பார்த்த ஒருவருக்கு மட்டும் கை நசுங்கியது. அதனால் ஆபத்தில் மாட்டியவன் குரலுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பது அவருக்கு எலும்பில் ஊறிப்போன பாடம்.

அவர் குடியிருந்தது மூன்றாவது மாடியில். அந்தக் கட்டிடத்தில் லிஃப்ட் கிடையாது. "ஊருக்கெல்லாம் லிஃப்ட், நமக்கு மட்டும் படிக்கட்டு" என்று மனைவி சொல்லாத வாரம் இல்லை. அது வெறும் கிண்டலாக இருந்தவரை ஒன்றுமில்லை. ஒரு நாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணியின் கடைசிப் படி வழுக்கி, அவருடைய வலது கணுக்கால் உடைந்தது. முழங்கால் வரை மாவுக்கட்டு போட்டு, இரண்டு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி மூன்று மாடி ஏற்றினார்கள். ஆறு வாரம் இறங்கக் கூடாது என்றார் டாக்டர். இரண்டு வாரம் போயிருந்தது. அதற்குள் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் வீட்டுக் கொடியில் எந்தச் சட்டை எந்தக் கிழமை காயும் என்பது அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஜன்னலை ஒட்டி மனைவியின் மேசையும் கம்ப்யூட்டரும் இருந்தன. கண்பார்வை குறைந்த பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்கு, பாடப் புத்தகங்களைப் பெரிய எழுத்தில் மறுபடி தட்டிக் கொடுப்பது அவள் வேலை. அது வெறும் தட்டச்சு இல்லை. ஒரு பக்கம் நான்கு பக்கமாகும். ஒவ்வொரு படத்தையும் தடித்த கோடுகளால் புதிதாக வரைய வேண்டும். இந்த முறை அறிவியல் புத்தகம். நான்கு மாதம் உட்கார்ந்து நானூறு பக்கம் முடித்திருந்தாள். சனிக்கிழமை காலையில் அது அச்சகத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் பள்ளி திறக்கும் நாளில் அந்தப் பிள்ளைகள் மட்டும் புத்தகம் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் மாதிரிப் பக்கங்களை அந்தப் பள்ளி டீச்சரிடம் காட்டக் கிளம்பினாள்.

"இந்த மெஷின் நகரவே மாட்டேங்குது. ஒரு எழுத்து தட்டினா யோசிச்சு யோசிச்சு வருது."

"சர்வீஸ் பண்ணி எவ்வளவு நாளாச்சு?"

"இது என்ன லிஃப்டா, மாசா மாசம் எண்ணெய் விட? நீங்க கையை வெச்சுடாதீங்க. இன்னும் ரெண்டு பாடம் பாக்கி இருக்கு. ஒரு மணிக்குள்ள வந்துடுவேன்."

கதவு மூடிக்கொண்டது. அவளுடைய செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாக இறங்கித் தேய்ந்து மறைந்தது. அவர் அதையே கேட்டுக்கொண்டிருந்தார். இறங்க முடிகிறவர்கள் மேல் அவருக்குப் பொறாமையாக இருந்தது. இரண்டு வாரமாக அவள் சம்பாதிக்கிறாள், சமைக்கிறாள், அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். நம்மால் ஒரு உபகாரமாவது ஆகட்டும் என்று நினைத்தார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனார்.

ஒற்றை விரலால் தட்டினார்: கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது, வைரஸ் நீக்க வேண்டும், இலவசம். முதலில் வந்த பச்சைப் பொத்தானை அழுத்தினார்.

திரை முழுவதும் சிவப்பானது. சைரன் அலறியது. 'உங்கள் கணினி பூட்டப்பட்டுவிட்டது. ஐந்து வைரஸ்கள் உங்கள் கோப்புகளைத் தின்றுகொண்டிருக்கின்றன. உடனே அழையுங்கள்' என்று எழுதியிருந்தது; கீழே ஒரு எண் இருந்தது. மவுஸை எங்கே நகர்த்தினாலும் சிவப்புதான். மூடுகிற குறியைக் காணவில்லை.

வேறு யாராக இருந்தாலும் பயந்து பிளக்கைப் பிடுங்கியிருப்பார்கள். இவர் அப்படிச் செய்யவில்லை. அலாரம் அடிக்கிறது, பக்கத்தில் எண் இருக்கிறது. இப்படிப்பட்ட நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை முப்பத்தொரு வருடமாக ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவர் அவர். போனை எடுத்து அந்த எண்ணை அழைத்தார்.

"பதறாதீங்க சார். நான் லைன்லயே இருக்கேன்" என்றது ஒரு இளம் குரல். "எதையும் தொடாதீங்க. நான் சொல்றதை மட்டும் செய்யுங்க."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தொழில் தெரிந்தவன் கையில் சேர்ந்துவிட்டோம் என்று நினைத்தார்.

விசைப்பலகையின் இடது மூலையில் இருக்கும் 'எஸ்கேப்' விசையைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடிக்கச் சொன்னது குரல். பிடித்தார். சைரன் நின்றது. சிவப்பு சுருங்கியது. அதற்கப்புறம் குரல் என்ன சொன்னாலும் அவர் கேட்கத் தயாராக இருந்தார். ஒரு முகவரியைத் தட்டச் சொன்னது, தட்டினார். ஏதோ ஒன்றை இறக்கச் சொன்னது, இறக்கினார். திரையில் வந்த ஒன்பது இலக்கங்களைப் படிக்கச் சொன்னது, படித்தார்.

"போதும் சார். இப்ப மவுஸ்லேருந்து கையை எடுத்துடுங்க."

எடுத்தார். அவர் தொடாமலேயே திரையில் அம்பு நகர்ந்தது. வீட்டுக்குள் யாரோ செருப்போடு நடப்பதுபோல் இருந்தது அவருக்கு. அது கறுப்புப் பெட்டி ஒன்றைத் திறந்தது, அதில் வெள்ளை எழுத்துகள் மழையாக ஓடின. "எல்லாம் வைரஸ் சார், பாருங்க" என்றது குரல். பிறகு அம்பு மனைவியின் கோப்புகள் இருக்கும் இடத்துக்குப் போய், புத்தகத்தின் மேல் நின்றது.

"இது முக்கியமான ஃபைலா சார்?"

"ஐயோ, அது என் மனைவியோட நாலு மாச உழைப்பு. அதுக்கு ஒண்ணும் ஆகாதே?"

அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று பிற்பாடு அவர் பலமுறை நினைத்தார்.

"இன்னும் பத்து நிமிஷத்துல இது போயிடும் சார். பாதுகாப்புத் திட்டத்துல சேர்ந்தா காப்பாத்திடலாம். உங்க பேங்க் கார்டு எடுத்துட்டு வாங்க. லைனை கட் பண்ணாதீங்க. வீட்ல யாருக்கும் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், பதறிடுவாங்க."

கார்டு உள் அறையில், ஆணியில் தொங்கும் பேன்ட்டில் இருந்தது. எட்டு அடி தூரம்தான். மாவுக்கட்டோடு அது எட்டு மைல். மணி பதினொன்றே முக்கால். அவள் படியேறி வரும்போது புத்தகம் இல்லையென்றால் எந்த முகத்தோடு பார்ப்பது? ஓடவும் முடியாது, வெளியே போய் நிற்கவும் முடியாது. பரிசோதனைக் கூடத்து எலியைப் போல ஒரே அறைக்குள் மாட்டியிருந்தார்.

ஊன்றுகோலை ஊன்றி எழுந்தார். ஒரு மெஷினை விட்டு நகரும்போது வாய் தானாகச் சொல்லும் வார்த்தை வந்துவிட்டது.

"தம்பி, நான் போயிட்டு வர்ற வரைக்கும் மெயினை ஆஃப் பண்ணிடட்டுமா?"

"வேணாம் சார்!" குரல் முதல்முறையாக உயர்ந்தது. "எக்காரணம் கொண்டும் சுவிட்சை அணைக்காதீங்க. அணைச்சா எல்லாம் போச்சு."

அவர் நின்றார்.

பதறாதீங்க என்று சொல்லலாம். எதையும் தொடாதீங்க என்றும் சொல்லலாம். ஆனால் பழுது பார்க்கிறவன் எவனும் கரன்ட் ஓடட்டும் என்று சொல்ல மாட்டான். இந்தத் தொழிலில் அவர் சேர்ந்த முதல் நாளிலிருந்து அப்படி ஒருவனை அவர் பார்த்ததில்லை. அப்போதுதான் அந்தக் குரலுக்குப் பின்னால் இருந்த சத்தம் அவர் காதில் விழுந்தது. அங்கே இன்னும் பத்துப் பதினைந்து குரல்கள், யார் யாரிடமோ, இதே நான்கு வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டிருந்தன.

போனை மேசையில் வைத்தார். பிளக் மேசைக்கு அடியில், சுவரோரம். ஊன்றுகோலைப் போட்டுவிட்டு, நல்ல காலை மடக்கி, கட்டுப் போட்ட காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, பிறகு படுத்து, தலையை உள்ளே விட்டார். கை எட்டியது. பிடுங்கினார்.

கம்ப்யூட்டர் அணையவில்லை! பக்கத்திலிருந்த யுபிஎஸ் பெட்டி கீச் கீச்சென்று கத்தத் தொடங்கியது. கரன்ட் போனாலும் வேலை போகக் கூடாது என்று மனைவி வாங்கி வைத்த பேட்டரி. "சார்? சார், என்ன பண்றீங்க?" என்று மேலே போன் கூப்பிட்டது. இன்னும் ஒரு முழம் உள்ளே நகர்ந்தார். கணுக்காலில் வலி சுரீரென்று ஏறியது. கம்ப்யூட்டரின் முதுகில் செருகியிருந்த தடித்த வயரைக் கையால் தடவிப் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார்.

காற்றாடி சுழன்று நின்றது. திரை கறுத்தது.

வெளியே வர முடியவில்லை. ஊன்றுகோல் உருண்டு கதவோரம் போயிருந்தது. மேசைக்காலுக்கும் சுவருக்கும் நடுவில் மாவுக்கட்டு சிக்கியிருந்தது. மேலே லைன் துண்டாகி, போன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. புத்தகம் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் அவர் மேசையின் அடிப்பலகையைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். லிஃப்டில் மாட்டியவர்கள் ஏன் திரும்பத் திரும்ப 'இன்னும் எவ்வளவு நேரம்?' என்று ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள் என்பது அவருக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

சாவி திரும்பியது. செருப்பு கழன்றது.

"ஏங்க... ஐயோ, என்னங்க இது! விழுந்துட்டீங்களா?"

"விழல. இறங்கினேன்."

"எதுக்கு?"

அவர் எதையும் மறைக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்தபடியே பச்சைப் பொத்தானில் தொடங்கி வயர் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் முகம் தெரியாதது ஒரு வகையில் வசதியாக இருந்தது. அவள் காலை மட்டும்தான் அவரால் பார்க்க முடிந்தது. அது நகரவே இல்லை.

"என் புத்தகம்?" என்றாள் கடைசியில்.

"தெரியல."

அவள் அவரை இழுத்து நாற்காலியில் உட்கார வைத்தாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "போன சனிக்கிழமை வரைக்கும் செஞ்சது பென்டிரைவ்ல காப்பி போட்டு டப்பாவுல வெச்சிருக்கேன். இந்த ஆறு நாள் வேலை உள்ளதான் இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பெண்ணுக்குப் போன் செய்தாள்.

கடைக்காரப் பெண் மூன்று மாடி ஏறி, மூச்சு வாங்க உள்ளே வந்தாள். முதலில் இன்டர்நெட் வயரைக் கழற்றினாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு பென்டிரைவை எடுத்துச் செருகி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை எழுப்பினாள். அரை மணி நேரம் விசைகளின் சத்தம் மட்டும் கேட்டது.

"அக்கா, புத்தகம் இருக்கு" என்றாள். "திறக்குது. இதயம் படம் வரைக்கும் இருக்கு, சரியா?"

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சார் பிடுங்கினதால தப்பிச்சுது. ஆனா அந்த ஆள் உள்ள வந்து என்னத்தை வெச்சுட்டுப் போனான்னு யாருக்குத் தெரியும்? புத்தகத்தை வெளியே எடுத்துட்டு, மொத்தத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தர்றேன். பாஸ்வேர்டெல்லாம் வேற போன்லேருந்து இன்னிக்கே மாத்திடுங்க." அவரைப் பார்த்துச் சிரித்தாள். "அது வெறும் படம் சார், சிவப்பு. அந்த எஸ்கேப் கீயை அழுத்திப் பிடிச்சிருந்தா நீங்களே வெளிய வந்திருக்கலாம். கதவு பூட்டவே இல்ல. நீங்கதான் போன் பண்ணித் திறந்து விட்டிருக்கீங்க."

அவர் தலை குனிந்தார்.

"இன்னொண்ணு. இதுல ஏற்கெனவே நல்ல வைரஸ் காவல் புரோகிராம் இருக்கே. புதுப்பிக்கட்டுமா, புதுப்பிக்கட்டுமான்னு ஏழு வாரமாக் கேட்டிருக்கு. யாரு 'பிறகு'ன்னு அழுத்திக்கிட்டே இருந்தது?"

மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "வேலை நடுவுல வந்து நச்சரிக்கும். அதான்..." என்று இழுத்தாள்.

"சர்வீஸ்" என்றார் அவர், மிக மெல்லிய குரலில்.

"நீங்க பேசாதீங்க."

ஆனால் அவள் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்திருந்தது. கடைக்காரப் பெண் கொடுத்த மடிக்கணினியில் மீதிப் பாடங்களைத் தட்ட உட்கார்ந்தாள். அவர் சிறிய எழுத்தில் இருந்த மூலப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வரி வரியாகப் படித்துக் காட்டினார். இருட்டுவதற்குள் கடைசிப் பாடம் முடிந்தது. மறுநாள் காலை அது அச்சகத்துக்குப் போனது.

அவள் திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது அவருடைய போன் அடித்தது. அதே எண். இந்த எண்ணை முடக்கிவிடச் சொல்லியிருந்தாள் கடைக்காரப் பெண். அவர் மறந்திருந்தார். அல்லது மறந்ததுபோல் இருந்தார்.

"சார், நேத்து லைன் கட் ஆயிடுச்சு. உங்க கம்ப்யூட்டர் இன்னும் ஆபத்துலதான் இருக்கு."

"சார் இல்லீங்க" என்றார் அவர். "மெயினை ஆஃப் பண்ணிட்டு வெளியே வந்துட்டாரு."

போனை வைத்தார். மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"வெளியேன்னா எங்க? தெருவுக்கா?"

"மேசைக்கு அடியிலேருந்து" என்றார்.

மாவுக்கட்டைப் பிரிக்க இன்னும் நான்கு வாரம் இருந்தது. அவர் நாற்காலியை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டார். எதிர்வீட்டுக் கொடியில் சனிக்கிழமைச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.