கொக்கி வைத்த ஈட்டி

கல்யாணமான முதல் கோடையில் என் வீட்டுக்காரருக்கு மீன் பைத்தியம் பிடித்தது. ஏலக்காய் பறிப்பு முடிந்து மலைத்தோட்டத்திலிருந்து இறங்கி வந்தவர், குரங்கணியில் யாரோ கை தடிமன் விலாங்கு ஒன்றை ஈட்டியில் குத்தித் தூக்கி வந்ததைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து வாயைத் திறந்தால் ஈட்டிப் பேச்சுதான். சரிவிலேயே வளர்ந்த மனுஷன்; தண்ணீரைக் குடிக்கத் தெரியும், குளிக்கத் தெரியும், அவ்வளவுதான். நான் ராசிங்காபுரத்துக் கிணறுகளில் குதித்து வளர்ந்தவள். எனக்கு அது தொடக்கத்திலிருந்தே பிடிக்கவில்லை.

போடிச் சந்தைக்குப் போன அன்று என்னையும் கொல்லன் பட்டறைக்குக் கூட்டிப் போனார். சுவரில் மூன்று ஈட்டிகள் சாத்தியிருந்தன. ஒன்று மூன்று பல் வைத்தது. இன்னொன்று ஒற்றைப் பல், வழவழப்பானது. மற்றதும் ஒற்றைப் பல்தான். ஆனால் நுனியில் பின்பக்கம் திரும்பிய கொக்கியும், கம்பின் அடியில் கயிறு கட்ட ஒரு வளையமும் இருந்தன.

“எங்க குத்தப் போறீங்க? வாய்க்கால்லயா, கசத்துலயா?” என்று கேட்டார் கொல்லர். ஆற்றில் ஆள் மூழ்குகிற ஆழமான இடத்தைத்தான் கசம் என்போம்.

“கசத்துலதான்.”

“புதுசுன்னா மூணு பல்ல எடுங்க. ஒண்ணு தப்புனாலும் ஒண்ணு படும்.”

“அதையே எடுங்க,” என்றேன் நானும்.

“நான் என்ன சோறு கிண்டவா போறேன்?” என்று என்னிடம் சிரித்துவிட்டு, கொக்கி ஈட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். “குத்துனது கழண்டு போகக் கூடாதுல்ல. இதான் சரி.”

அதையே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மறுநாள் காலையில் குரங்கணிக்குக் கீழே ஆற்றுக்குப் போனோம். கோடையில் ஆறு வற்றி, பாறைகளுக்கு நடுவே கசங்கள் மட்டும் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தன. ஏலச்சரிவில் வேலை செய்கிறவர்கள் வெட்டுக்கத்தியைக் கயிற்றில் கட்டி, கயிற்றின் மறுமுனையை இடுப்பில் சுருக்காகப் போட்டுக்கொள்வார்கள். கை நழுவினால் கத்தி பள்ளத்துக்குப் போய்விடும், இறங்கி எடுப்பதற்குள் அன்றைய சோலி கெட்டுவிடும். அவர் ஈட்டியையும் அப்படியே கட்டிக்கொண்டார். அவர் வீட்டில் எல்லாரும் செய்து பார்த்த வழக்கம்தானே என்று நானும் ஒன்றும் நினைக்கவில்லை.

பாறைமேல் நின்று குத்திப் பார்த்தார், ஒன்றும் படவில்லை. “இரு புள்ள, உள்ள போயிப் பாக்குறேன்,” என்று மூச்சை அடக்கிக்கொண்டு முங்கினார். அடியில் பாறை இடுக்கிலிருந்து ஒரு விலாங்கு தலையை நீட்டிக்கொண்டிருந்தது மேலிருந்தே தெரிந்தது. குத்தினார். பட்டுவிட்டது. பட்டதும் அது ஈட்டியோடு இடுக்குக்குள் புகுந்து முறுக்கிக்கொண்டது.

அவர் மேலே வர உந்தினார். தலை வெளியே வருவதற்கு முன்பே நின்றுவிட்டார். விரல்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே வந்து எதையோ தேடின. விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு குமிழி குமிழியாக மூச்சு வெளியே வந்ததைப் பார்த்ததும்தான் விளையாட்டில்லை என்று தெரிந்தது.

சேலையை வரிந்து கட்டிக்கொண்டு குதித்தேன். கையைப் பிடித்து மேலே இழுத்தேன். இழுக்க இழுக்கச் சுருக்கு அவர் வயிற்றுக்குள் இறங்கியது. கொக்கி விடவில்லை, விலாங்கும் விடவில்லை. முடிச்சில் நகம் வைக்கக்கூட இடமில்லை. அவர் என் தலைமுடியைப் பற்றிக்கொண்டார். உதறிவிட்டு மேலே வந்து ஒரு வாய் மூச்சு வாங்கினேன். சத்தம் போட்டுக் கூப்பிட அந்தப் பக்கம் ஆளே இல்லை.

கயிறு தொய்ந்தால்தான் சுருக்கு இளகும் என்று அப்போதுதான் புத்தியில் பட்டது. திரும்ப முங்கி, அவர் இரண்டு தோளிலும் கை வைத்து, என் பலம் முழுவதையும் கொடுத்து அவரைக் கீழே அமுக்கினேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். முண்டினார், என் முகத்தில் பிறாண்டினார். நான் விடவில்லை. சட்டென்று அவர் கைகள் இரண்டும் துவண்டு விழுந்தன. செத்துவிட்டார் என்றே நினைத்தேன். கயிறு தொய்ந்தது. சுருக்கை விரித்து இடுப்பு வழியே கீழே உருவி எறிந்தேன்.

கரையில் குப்புறப் போட்டு முதுகில் குத்தினேன். குடித்த தண்ணீரெல்லாம் வெளியே வந்தது. வெகுநேரம் இருமிய பிறகு முதல் பேச்சாகக் கேட்டார்.

“ஏன் புள்ள என்னைய அமுக்குன?”

“மேல இழுத்தா சுருக்கு இறுகுச்சு. அதான்.”

“எனக்கு அது எங்க தெரியும்? நீ என்னையக் கொல்றியோன்னுல்ல நெனச்சேன்.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “அப்படி நெனச்சவரு கடைசியில எதுக்குச் சும்மா கெடந்தீங்க?”

அவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “அமுக்குறது நீதான. சரி, இருக்கட்டும்னு விட்டுட்டேன்.”

ஓங்கி ஓர் அறை விட்டேன். அறைந்த கையை அவர் பிடித்துக்கொண்ட பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.