எல்லாப் பிழைக்கும் ஒரே பதில்

எங்கள் தெருமுனைப் பேருந்து நிறுத்தத்தில் ஒரு சின்ன மின்பலகை தொங்குகிறது. சில காலைகளில் நான் போக வேண்டிய பேருந்தின் எண்ணுக்கு எதிரே ‘ஃபேல்ட் அவுஸ்’ என்று வரும். வராது என்று பொருள். தாமதம் என்றோ கொஞ்சம் பொறுங்கள் என்றோ சொல்லாது. வராது, அவ்வளவுதான். இந்த ஜெர்மன் ஊருக்கு வந்த புதிதில் அதைப் பார்த்ததும் நான் பலகையையே வெறித்துக்கொண்டு நிற்பேன். பக்கத்தில் நிற்பவர்களோ ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பார்கள், காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு அடுத்த நிறுத்தத்தை நோக்கி நடக்கத் தொடங்குவார்கள். எங்கள் ஊரான கம்பம் பேருந்து நிலையத்தில் இப்படி ஒரு பலகை இருந்தால் அன்றைக்கே கல்லடி வாங்கியிருக்கும். அங்கே டீக்கடைக்காரரிடம்தான் கேட்போம். கண்ணாடித் தம்ளரை அலசிக்கொண்டே, தலையைத் தூக்காமல், “இந்தா வந்துரும்” என்பார். வண்டி பணிமனையை விட்டே கிளம்பியிருக்காது என்பது அவருக்கும் தெரியும், நமக்கும் பாதி தெரியும். ஆனாலும் கேட்டவர் முகம் வாடிவிடக் கூடாது. அந்தப் பதிலில் வளர்ந்தவன் நான். அதையே கொண்டுவந்து இங்கே ஒரு கணினிக்குள் எழுதியும் வைத்தேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எழுத உட்காரும்போதே காது மடல் சூடாகிறது.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் பில் அடித்துக்கொண்டிருந்தேன். என் மனைவி செல்வி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது, நான் அவள் கணவனாக வந்து சேர்ந்தேன். முதலில் ஒரு கிடங்கில் பெட்டி எடுக்கும் வேலை. முதியோர் இல்லங்களுக்குக் கையுறை, காயக்கட்டு, படுக்கை விரிப்பு எல்லாம் அனுப்புகிற கிடங்கு. ஒரு ஆர்டர் ஏன் தப்பாக வந்திருக்கிறது என்பதை அலமாரியைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பதால், கணினி அறைக்காரர்கள் அடிக்கடி கூப்பிட்டார்கள். கடைசியில் அங்கேயே ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். செல்வி பணிக்குப் போன ஞாயிற்றுக்கிழமைகளில் ஜாவா என்ற கணினி மொழி படித்தேன். என்ன படித்தாய் என்று அந்த அறையில் யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டுவிடுவார்களோ என்பதுதான் என் முழுநேரக் கவலை.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு இல்லமும் ஆர்டரை ஒவ்வொரு வடிவத்தில் அனுப்பும். அவற்றை வாங்கி, ஒரே வடிவத்துக்கு மாற்றி, கிடங்குக்குக் கொண்டுசேர்ப்பது ஜாவாவில் எழுதப்பட்ட ஓர் இன்டக்ரேஷன் ஃப்ரேம்வொர்க், அதாவது இணைப்பு மென்பொருள். ஆர்டர் போகிற ஒவ்வொரு பாதைக்கும் ரூட் என்று பெயர். முன்பு ஒவ்வொரு ரூட்டும் பிழையைத் தன் இஷ்டத்துக்குக் கவனித்துக்கொண்டிருந்தது. ஒன்று திரும்பத் திரும்ப முயலும், ஒன்று எல்லோருக்கும் மின்னஞ்சல் அடித்து அலறும், ஒன்று சத்தமில்லாமல் செத்துப்போகும். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே பிழை கையாளும் முறையை எழுதச் சொன்னார் எங்கள் குழுத் தலைவி ஃபிராவ் லிண்ட்னர். நான் ஒரு பொது வகுப்பை, அதாவது எல்லா ரூட்டுகளும் பயன்படுத்தும் ஒரே நிரல் துண்டை எழுதி, எல்லா ரூட்டுகளையும் அதன்மேல் நிறுத்தினேன். அதில் ஒரு கேள்வி வரும். பிழையைப் பிடித்துவிட்டாய், இதை இத்தோடு முடிந்ததாக வைத்துக்கொள்ளலாமா, அல்லது அனுப்பியவருக்குத் திருப்பிச் சொல்ல வேண்டுமா? ஒரே ஒரு சொல்லில் விடை எழுத வேண்டும். முடிந்ததாக வைத்துக்கொள் என்று எழுதினேன். பழுதான ஆர்டர் ஓரமாக ஒரு வரிசையில் போய் நிற்கும். அனுப்பிய இல்லத்துக்கு ‘பெற்றுக்கொண்டோம், நன்றி’ என்று பதில் போகும். தினமும் காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து, அந்த ஓர வரிசையைத் திறந்து, ஒவ்வொன்றாகச் சரிசெய்து நானே அனுப்பிவிடுவேன். யாரும் பதறவில்லை. பொறுப்பானவன் என்று பெயர்கூட வந்தது. உண்மையில் அது பொறுப்பே அல்ல. பிழை என்று ஒரு சொல் வெளியே போனால், யார் எழுதியது என்ற கேள்வி வரும். அதன் பின்னாலேயே அந்த ஒன்பதாம் வகுப்பும் வந்து நிற்கும் என்ற பயம்.

வீட்டிலும் இதே ஏற்பாட்டைத்தான் செய்துவிட்டு வந்திருந்தேன். என் அய்யா, அதாவது அப்பா, ஜீப் ஓட்டுநர். கம்பத்திலிருந்து தோட்டவேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, லோயர் கேம்ப் வழியாக மலையேறி, குமுளிப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிடுவார். நான் வெளிநாடு வந்த புதிதில், அம்மாவுக்குக் காய்ச்சல் என்று ஒருவர், மழையில் கூரை ஒழுகுகிறது என்று ஒருவர், வண்டி பிரேக் பிடிக்கவில்லை என்று ஒருவர் மாற்றி மாற்றிக் கூப்பிடுவார்கள். நான் சாப்பிடாமல் கிடப்பேன். அடுத்த முறை ஊருக்குப் போனபோது எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னேன்: எதுவானாலும் தேவதானப்பட்டியில் இருக்கும் அக்காவிடம் சொல்லுங்கள், எனக்குச் சொல்ல வேண்டியதை அவள் சொல்வாள். அதன்பிறகு வீட்டிலிருந்து நல்ல சேதி மட்டுமே வந்தது. அய்யா வாரம்தோறும் ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே வீடியோவில் பேசுவார். ஒரு கை எப்போதும் ஸ்டீயரிங் மேல் இருக்கும்.

போன விடுமுறைக்கு நான் மட்டும் ஊருக்குப் போனேன். நாளை வருகிறேன் என்று சொல்லிவிட்டு இன்றைக்கே போய் இறங்கினேன். எப்போதாவது வருகிற விளையாட்டுப் புத்தி. பையோடு நேராக ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த டீக்கடைக்குப் போய், அங்கிருந்தே அய்யாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டேன். போன் அடிப்பது சாலைக்கு அந்தப் பக்கம் கேட்டது. வேப்பமரத்தடியில் பெஞ்சில் இருந்த அய்யா எழுந்தார். அவருடைய சிநேகிதர், அவரைப் போலவே ஓட்டுநரான முத்தையா மாமா, அவர் முழங்கையைப் பிடித்துச் சாக்கடைப் பலகையைத் தாண்டவைத்து, தன் ஜீப்பின் கதவைத் திறந்து ஏற்றிவிட்டார். அய்யா இருக்கையில் சரியாக உட்கார்ந்து, விரலால் தலையைக் கோதி, ஸ்டீயரிங் மேல் கையை வைத்துக்கொண்டு போனை எடுத்தார்.

“சொல்லுய்யா. இப்பத்தான் குமுளில எறக்கிவிட்டுட்டு வந்து நிக்கிறேன். ஒரே பனி மேல.”

ஒரு பேருந்து எங்கள் இருவருக்கும் நடுவே ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அதே ஹாரன் போனிலும் கேட்டது.

“என்னய்யா, அங்கனயும் நம்மூரு மாதிரியே ஹாரன் அடிக்கிறாகளா?” என்று அய்யா சிரித்தார்.

சாலையைத் தாண்டி அந்த ஜீப்பின் அருகே போய், அவருக்கு வலப்பக்கம் நின்றேன். கைக்கெட்டும் தூரம்தான். அவர் திரும்பவில்லை. போன் திரையில் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். முத்தையா மாமாதான் என்னைப் பார்த்துவிட்டுத் துண்டை வாயில் வைத்துக்கொண்டார். பிறகு அவரே பேசினார். “வாங்க மாப்ள. ஒங்கய்யா என் வண்டியில ஒக்காந்தபடியே எத்தன தடவ குமுளி போய்ட்டு வந்துட்டாரு தெரியுமா? ஒரு சொட்டு டீசல் செலவில்ல.”

அய்யாவின் கண்ணில் நீரழுத்த நோய், கிளௌகோமா என்று பிறகுதான் தெரிந்தது. பக்கப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக அடைந்து, இப்போது நடுவில் மட்டும் தெரிகிறது. ஒரு கொண்டை ஊசி வளைவில் எதிரே வந்த லாரி தெரியாமல் வண்டியின் பக்கக் கண்ணாடியை அதில் உரசியிருக்கிறார். அன்றைக்கே வண்டி முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டார். பொம்பளைப் பிள்ளைகளை ஏற்றுகிற வண்டி, எனக்குக் கண் சரியில்லை என்று ஸ்டாண்டு முழுக்கச் சொல்லியும் இருக்கிறார். தெரியாமல் இருந்தது எனக்கு மட்டும்தான். அக்கா அவரைத் தேனியில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போய்க் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். வயதானால் வருவதுதான் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா வந்ததும் நான் சத்தம் போட்டேன். ஏன் சொல்லவில்லை, நான் செத்தா போய்விட்டேன் என்று கேட்டேன். அக்கா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“யாரு சொன்னா சொல்ல வேணாம்னு? நீதானடா. ‘எல்லாத்தையும் எனக்குப் போன் போட்டுச் சொல்லாதீக, அக்கா பாத்துக்கிருவா’ன்னு இங்கன நின்னுதான சொன்ன? பாத்துக்கிட்டேன். எனக்குத் தெரிஞ்ச மட்டுக்கும் பாத்துக்கிட்டேன்.”

“செல்விகிட்டயாச்சும் சொல்லியிருக்கலாம்ல? அவ நர்ஸுதானக்கா?”

“அவட்டச் சொன்னா ஒனக்குத் தெரியும். ஒனக்குத் தெரிஞ்சா நீ சோறு திங்க மாட்ட. அப்புறம் அந்தப் பிள்ளை எனக்குப் போன் போட்டு அழுகும். நான் யாரைத்தான்டா பாக்க?”

“ஏலே, அவள வையாத,” என்றார் அய்யா. “நாந்தான் சொல்ல வேணாம்னேன். நீ பயந்த பிள்ளை.”

அந்த ‘பயந்த பிள்ளை’யில் கோபம் இல்லை, இளப்பமும் இல்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. செல்வியைக் கூப்பிட்டேன். எத்தனை நாளாக, படியில் தடுக்குகிறதா, பக்கத்தில் வருபவர் மேல் இடிக்கிறாரா என்று கேட்டாள். மூன்றாவது கேள்விக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மறுநாள் மதுரைக்குக் கூட்டிப்போனோம். போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம், முன்பே வந்திருந்தால் மிச்சம் இன்னும் அதிகமாக இருந்திருக்கும் என்றார் மருத்துவர். அய்யா அதைக் கேட்டுக்கொண்டு, மதுரையில் வெயில் அதிகம் என்று பேச்சை மாற்றினார்.

விடுமுறை முடிந்து இங்கே திரும்பிய முதல் காலை, ஃபிராவ் லிண்ட்னர் என்னைக் கூட்ட அறைக்கு அழைத்தார். ஒரு முதியோர் இல்லத்திலிருந்து புகார். அவர்கள் புதிய பொருள் எண்ணைப் போட்டுக் காயக்கட்டு கேட்டிருக்கிறார்கள். எங்கள் பட்டியலில் அந்த எண் இல்லை. என் பொது வகுப்பு வழக்கம்போல ‘பெற்றுக்கொண்டோம், நன்றி’ என்று சொல்லி, ஆர்டரை ஓர வரிசையில் ஒதுக்கியிருக்கிறது. நான் விடுமுறையில் இருக்க, அப்படி ஒரு வரிசை இருப்பதே வேறு யாருக்கும் தெரியாது. நான் சொல்லவே இல்லையே. அங்கிருந்த நர்ஸ் பெரிய கட்டுகளைக் கத்தரித்துச் சமாளித்துக்கொண்டு, பெட்டி வரும் வரும் என்று காத்திருந்திருக்கிறார்.

நான் மன்னிப்புக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். ஃபிராவ் லிண்ட்னர் கையை உயர்த்தினார். “மன்னிப்பு வேண்டாம். நான் கேட்பது, பிழை வந்தால் வாடிக்கையாளருக்கு யார் சொல்கிறார்கள்?”

“யாரும் இல்லை. அவர்கள் பயந்துவிடக் கூடாது என்று...”

“ஏன் பயப்பட வேண்டும்? எண் தப்பு என்று தெரிந்தால் சரியான எண்ணைப் போடுவார்கள்.”

அவர் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. வேலை போய்விட்டது என்று நினைத்தேன். இருக்கைக்கு வந்து, என் காப்பிக் குவளையைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தேன். சிறிது நேரத்தில் அவர் வந்து எட்டிப் பார்த்தார். குவளை ஏன் பைக்குள் இருக்கிறது என்று கேட்டார். நான் விளக்கியது அவருக்குப் புரியவே இல்லை. உண்மையாகவே அவர் ஒரு கேள்விதான் கேட்டிருந்தார். அதற்கு ஒரு பதில் தேவை, அவ்வளவே. எனக்கோ அதே கேள்வியைக் கம்பத்தில் நான் கத்தியதும், அக்கா பையோடு நின்றதும் கண்ணுக்குள் வந்து, முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அந்த ஒற்றைச் சொல்லை மாற்றினேன். இணைப்பு அறுந்தால் சில முறை முயன்று பார்க்கும். ஆர்டரே தப்பு என்றால், எது தப்பு என்று அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். ஓர வரிசையில் ஒன்று விழுந்தாலும் அறையில் எல்லோருக்கும் தெரியும். என் பெயரோடு பிழைகள் இப்போது வெளியே போகின்றன. ஒவ்வொரு முறையும் போனதை இன்னொரு தடவை திறந்து பார்க்கத்தான் செய்கிறேன்.

ஊருக்கும் சொல்லிவிட்டேன். இனி எதுவானாலும் நேரே எனக்கு. அக்கா ‘ம்’ என்று மட்டும் சொன்னாள். நம்பவில்லை என்று தெரிந்தது. நம்பவைக்கும் இடத்திலும் நான் இல்லை.

இன்று காலை பலகையில் ‘ஃபேல்ட் அவுஸ்’ என்று இருந்தது. நடக்கத் தொடங்கியபோது அய்யா கூப்பிட்டார். அவர் கையில் ஸ்டீயரிங் இல்லை, பின்னால் வேப்பமரம் இருந்தது. நெற்றியில் ஒரு பிளாஸ்திரி.

“தந்திக் கம்பத்துல இடிச்சுக்கிட்டேன்யா. நேரா ஒன்ட்டச் சொல்லணும்னு சொன்னீல்ல, அதான்.”

சாலையோரமாக நின்றுவிட்டேன். எவ்வளவு தெரிகிறது என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் அவரிடம் நேராகக் கேட்டது அதுதான் முதல்முறை. அவர் போனை முகத்துக்கு நேரே பிடித்து, பார்வையை அசைக்காமல், மெல்ல மெல்லப் பக்கவாட்டில் நகர்த்தினார். என் திரையில் அவர் முகம் ஒதுங்கி வேப்பமரம் வந்தது, பிறகு ஜீப்புகள்.

“இங்கன இருக்க... இங்கனயும் இருக்க...” என்றது குரல். பிறகு, “இந்தா, போய்ட்ட.”