என் இடத்திலும் அவள்

ஜோகுபாளையத்தில் எங்கள் குடும்பப் பாட்டுக் குழு ஏறாத கல்யாண மேடை குறைவு. டாடி கிட்டார் வாசிப்பார். தங்கைதான் முதல் குரல். நான் செகண்ட்ஸ், அதாவது அவள் குரலுக்குக் கீழே ஒட்டிப் போகும் துணைக்குரல். இருந்தது ஒரே மைக். என் குரல் தடிமனாம். அதனால் டாடி அவளை மைக்கை ஒட்டியும் என்னை ஓரடி பின்னாலும் நிறுத்துவார். அங்கிருந்து எனக்கு அவள் முதுகுதான் தெரியும். அவள் தோள் ஏறி மூச்சை இழுப்பதைப் பார்த்துத்தான் நான் தொடங்குவேன். வரிக்கு வரி கொஞ்சம் பிந்திவிடும். "மறுபடியும் லேட்டு!" என்று டாடி மேடையிலேயே முறைப்பார்.

தொண்ணூறுகளின் நடுவில் அவள் குழுவை விட்டுப் போய், சோல் என்கிற மேல்நாட்டுப் பாணியில் உருகி உருகிப் பாடித் தனியாக ஒரு கேசட் போட்டாள். சிவாஜிநகரில் வாங்கினேன். அட்டை முழுக்க அவள் முகம், காதில் என் ஜிமிக்கி. கடைக்காரர், "உங்க தங்கச்சியா மேடம்? நீங்க பாடலியா?" என்று கேட்டார். வயிறு எரிந்தது. கேசட் சுமாராக இருக்கட்டும் ஆண்டவரே என்று பஸ்ஸில் வேண்டிக்கொண்டே வந்தேன்.

ஆண்டவர் காதில் அது விழவில்லை. வீட்டில் டாடியோடு உட்கார்ந்து போட்டுக் கேட்டால், முதல் பாட்டே பிரமாதமாக இருந்தது. பல்லவியில் வழக்கம்போல் கூடவே பாட வாயைத் திறந்தேன். அதற்குள் கீழே ஒரு துணைக்குரல் வந்துவிட்டது. அதுவும் அவளுடையதுதான். ஸ்டுடியோவில் இரண்டையும் தனித்தனியாகப் பாடிச் சேர்த்திருக்கிறாள். போகட்டும், அந்தக் குரல் வரிக்கு வரி கொஞ்சம் பிந்தி வந்தது. என்னைப் போலவே. தனியாகப் பாடுகிறவள் யார் தோளைப் பார்த்துப் பிந்த வேண்டும்? நான் அப்படித்தான் பாடுவேன் என்று அவள் காதுக்குத் தெரிந்திருக்கிறது. பாராட்ட வேண்டிய விஷயம்தான். எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது.

டாடி கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார்.

"ஆகா! அந்த செகண்ட்ஸ் கேட்டியா? கொஞ்சம் தள்ளி வந்து என்ன அழகா உக்காருது பாரு!"

"நான் அப்படித்தானே டாடி பாடுவேன்?"

"நீயா? நீ லேட்டா வருவே. இது வேற."

எழுந்து போய் டேப்பைப் பின்னால் ஓட்டினார்.

"இன்னொரு தடவை நல்லா கேளு. வர்ற ஞாயித்துக்கிழமை சர்ச்ல நீ இதே மாதிரி பாடணும்."