அஞ்சலை விட்டுப்போன சடை

கம்போங் ராஜா டவுனிலிருந்து காலையில் மணியம் போன் செய்தான். "அத்த, அஞ்சல அத்த தவறிட்டாங்க" என்றான். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அடுத்ததையும் கேட்டுவிட்டான். "பொம்பளைங்க எல்லாம் கேக்குறாங்க. பொட்டு வச்சு அனுப்புறதா, திருநீறு பூசி அனுப்புறதா? நீங்க வந்து சொல்லுங்களேன்." அவன் அஞ்சலையின் தம்பி மகன். கணவன் இருக்கும்போதே கண்மூடுகிறவள் பூவும் குங்குமமுமாகப் போவாள், விதவையைத் திருநீறு பூசி அனுப்புவார்கள். அஞ்சலை இதில் எந்தப் பக்கம் என்று அவனுக்கும் தெரியவில்லை.

வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து வாளெடுத்த பெண்களைப் பற்றி அவள் எழுதிய கதைகளைப் படித்த உங்களுக்கு அவள் எழுத்தாளர். எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி. தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவள் அந்தப் பக்கம் சிரித்தால் இந்தப் பக்கம் எனக்கும் சிரிப்பு வரும்.

போரில் ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஓடிவிட்டார். கொழுந்து எடுக்கச் சொல்ல ஆளில்லாமல் தேயிலைச் செடி மரமாக வளர்ந்தது. நாங்கள் கிடைத்த இடத்தில் மரவள்ளி நட்டுத் தின்றோம். ஒருநாள் காலை லாரி வந்து, சயாமில் ரயில் பாதை போட ஆண்களை ஏற்றிக்கொண்டு போனது. அஞ்சலையின் புருஷன் முத்தையாவும் போனார். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தினமும் அவள் சடையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவார் அந்த மனுஷன். அன்று ஜப்பான்காரர்கள் அவளை லாரிக்குக் கிட்டே வரவே விடவில்லை.

பிறகு பெண்கள் படைக்கு ஆள் சேர்த்தார்கள். பர்மா வழியாக இந்தியாவுக்குப் போய் வெள்ளைக்காரனோடு சண்டை போடப் போகிறோம் என்றார்கள். அஞ்சலை பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"பைத்தியமாடி ஒனக்கு? துப்பாக்கிய எந்தப் பக்கம் புடிக்கிறதுன்னாவது தெரியுமா?"

"அத அவங்க சொல்லிக் குடுப்பாங்க. பர்மா ரயிலு சயாம் வழியாத்தான் போவுதாம், தங்கம்."

வீரத்தைத் தேடுகிறவர்கள் மன்னிக்க வேண்டும். நாட்டுப்பற்று அவளுக்குப் பிறகு வந்தது, வந்தபின் அசையவில்லை. ஆனால் அவளை முதலில் கிளப்பிவிட்டது, வழியில் புருஷனைப் பார்த்துவிடலாம் என்ற இந்த நினைப்புதான்.

படையில் நீளமுடி ஆகாதாம். லயத்தில் கத்தரிக்கோல் இல்லை. தேயிலைச் செடி வெட்டும் கவாத்துக் கத்தியால் நான்தான் அவள் சடையை அறுத்தேன். அவள் அழவில்லை, நான் அழுதேன். அறுத்த சடையை என் கையிலேயே கொடுத்து, "பத்திரமா வச்சிரு. நான் இல்லாதப்ப அவரு வந்து முடி எங்கன்னு கேட்டா காட்டு" என்றாள்.

போர் முடிந்து ஒருநாள் மேட்டில் ஏறி வந்தாள். காக்கிச் சட்டை, ஒட்ட வெட்டிய தலை, வெறும் நெற்றி. அதைப் பார்த்த எங்கள் பெண்களுக்கு வேறு என்ன தோன்றும்? முத்தையா போய்விட்டார் என்றே முடிவு கட்டி, மாரில் அடித்துக்கொண்டு ஓடிப்போய், அவளைச் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அஞ்சலை திகைத்துப் போனாள். பிறகு சட்டைக்குள் கையை விட்டுத் தாலிக்கயிற்றை வெளியே இழுத்தாள்.

"செத்தாருன்னு யாரு சொன்னா? எந்திரிங்க எல்லாரும்!"

அழுகை பாதியில் நின்றது. ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள்.

சண்டையைப் பற்றிக் கேட்டால், "நடந்தோம், குண்டு போட்டா படுத்தோம், திரும்பி வந்தோம்" என்பாள். ரயிலைப் பற்றி மட்டும் ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னாள். "போறப்பவும் வரப்பவும் பாதையோரம் நம்ம ஆளுங்க எலும்பா நின்னாங்க. பேரச் சொல்லிச் சொல்லிக் கத்துனேன். வண்டி நிக்கல. அவரு போட்ட தண்டவாளக் கட்டையோ, வேற யாரு போட்டதோ, அதுக்கு மேலயே உக்காந்து போயிட்டு வந்தேன்."

நான் சடையை நீட்டினேன். "உங்கிட்டயே இருக்கட்டும். அவரு வரட்டும், வாங்கிக்கிறேன்" என்றாள்.

அவள் கதைகள் எல்லாவற்றிலும் ஒரு விஷயத்தைக் கவனித்திருப்பீர்கள். படைத்தலைவி ஜெயித்து வீடு திரும்புவாள், வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். வாசகர்கள் குறைபட்டுக்கொண்டார்கள். நானும் கிண்டல் செய்தேன். "பேனா ஒங் கையிலதான இருக்கு? கதையிலயாவது அவரக் கொண்டாந்து விடேன்டி."

"கதையில வந்துட்டா நெசத்துல வராம போயிடுவாரோன்னு பயமா இருக்குடி" என்றாள்.

மணியம் டவுனில் வீடு வாங்கிக் கூப்பிட்டான். போகவில்லை. "அவருக்கு இந்த லயத்துக்குத்தான் வழி தெரியும்" என்றாள். நாங்கள் ஒவ்வொருவராகக் கிளம்பிவிட்டோம். நானும்தான், மகனோடு கோலா தெர்லாவுக்கு. லயத்தில் கடைசியாக அவள் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. சாயங்காலம் மூடுபனி இறங்கிவிட்டால் பேச்சுத்துணைக்கு யாருமில்லாமல் அவள் எப்படித்தான் இருந்தாளோ.

நான் போனபோது குங்குமமும் திருநீறும் இரண்டு தட்டில் காத்திருந்தன. "இத்தன காலமா வராதவரு உசுரோடயா இருக்கப் போறாரு?" என்றாள் ஒருத்தி. நியாயமான கேள்விதான். ஆனால் என் வாயில் வந்தது அஞ்சலையின் வார்த்தை.

"செத்தாருன்னு யாரு சொன்னா?"

நானே குங்குமத்தை எடுத்து நெற்றி நிறைய வைத்தேன்.

சடையையும் அவளோடு அனுப்பிவிடலாம் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன். நரைத்த தலைக்குப் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். அது இன்னும் கறுப்பாகவே இருந்தது. மனம் வரவில்லை, திரும்ப எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டேன். இப்போது அது என் பெட்டியில் இருக்கிறது. முத்தையா வந்து கேட்டால் காட்ட வேண்டும்.