எழுந்திருக்காத எட்டுப் பேர்

வேலுத்தாயின் வலது கை கறுத்த கொட்டையைப் பொறுக்கும்போதே இடது கை அடுத்த உடைசலைத் தேடிப் போய்விடும். கண் பலகையை விட்டு நகராது. வாய் மட்டும் பக்கத்தில் இருப்பவளின் மகள் கல்யாணத்தை விசாரித்துக்கொண்டிருக்கும். பண்ணைக்காடு மலையூருக்கு மேலே, முதலாளி அமானுல்லாவின் காப்பிக் கொட்டை தரம் பிரிக்கும் ஆலையில் எட்டுப் பெண்கள்; அவர்களில் மூத்தவள் இவள். பூஞ்சை பிடித்த கொட்டையை முகர்ந்தே தள்ளிவிடுவாள். காப்பியை மட்டும் வாயில் வைக்க மாட்டாள்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. காலை எட்டுக்கு உட்கார்ந்தால் இரண்டு மணிச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பாள். கக்கூஸ் சரிவுக்குக் கீழே இருக்கிறது. பாசி பிடித்த படிகளில் இறங்கி ஏறக் கால் மணி நேரமாகும். அதற்குள் கொட்டை குவிந்து, அந்த வேலையும் பக்கத்தில் இருப்பவள் தலையில் விழும்.

“தண்ணி குடிச்சாத்தானடி எந்திரிக்கணும்? வெள்ளனே ஒரு டம்ளர் டீ, அம்புட்டுதான்.”

புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் இதுதான் அவள் சொல்லிவைப்பது. போன மாதம் எட்டுப் பேரில் ஒருத்தியான ரேவதி நீர்க்கடுப்போடு மூன்று நாள் படுத்தபோதுகூட, உடம்புச் சூடு என்று சொல்லிவிட்டாள்.

வேலை எப்படி நடக்கிறது என்று கணக்குப் பார்க்க, ஆலையை அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டித் தரக் கோவையிலிருந்து ஸ்வேதா என்ற இன்ஜினியர் பெண் வந்தாள். மூன்று நாள் கையில் கடிகாரத்தோடு நின்று ஒவ்வொருவர் வேலையையும் அளந்தாள். நாலாம் நாள் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். திரையில் எட்டுப் பொம்மைகள் கொட்டை பொறுக்கின. தன் பொம்மையைப் பார்த்து வேலுத்தாய்க்கு ஒரே சிரிப்பு.

பிறகு ஸ்வேதா விளக்கினாள். மூன்று நாளில் ஒருவரும் இடையில் எழுந்திருக்கவில்லையாம். அதனால் எழுந்து போகும் நேரம் பூஜ்யம். அப்படிப் பார்த்தால் ஆறு பேர் போதும். திரையில் இரண்டு பொம்மைகள் மறைந்தன. மற்ற ஆறும் நிமிராமல் பொறுக்கிக்கொண்டிருந்தன. அமானுல்லா தலையாட்டினார்.

வேலுத்தாயின் முகம் சுண்டிப்போனது. இத்தனை வருஷம் தான் மெச்சிக்கொண்ட வீம்பு இரண்டு பேர் வேலைக்கு உலை வைக்கிறதே என்று உறைத்தது. ரேவதியைத் திரும்பிப் பார்த்தாள். ரேவதி குனிந்துகொண்டாள்.

“நாங்க எந்திரிக்கலங்கறது நெசந்தாம்மா,” என்றாள் வேலுத்தாய், ஸ்வேதாவிடம். “எந்திரிக்கக் கூடாதுன்னு தண்ணி குடிக்காம கெடக்கோம். அத இதுல போட்டியா?”

அது தனக்குத் தெரியாது என்றாள் ஸ்வேதா.

மேசைமேல் ஸ்வேதாவின் தண்ணீர் பாட்டில் இருந்தது. வேலுத்தாய் அதை எடுத்தாள். மணி அப்போது ஒன்பதரை. மூடியைத் திருகி, அண்ணாந்து, பாதி பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தாள்.

“மறுபடி அளம்மா,” என்று சொல்லிவிட்டு, மீதியை ரேவதியிடம் நீட்டினாள்.